ஒரே ஆண்டு, பத்து எண்கள்: கி.பி. 537-ஐ முன்வைத்து ஒரு விளக்கம்

கேள்வி சுருக்கமாக இது: ஆறாம் நூற்றாண்டுக் கல்வெட்டு, பாப்பிரஸ் (நாணல் தாள்) ஆவணம், வரலாற்று ஏடு என்று எதை எடுத்தாலும் ஒரே ஆண்டுக்கு ஓரிடத்தில் 849, இன்னோரிடத்தில் 586, வேறிடங்களில் 254, 432, 598, 6030 என்றெல்லாம் வருகிறது. இவற்றில் எது சரி? கி.பி. ஆண்டாக மாற்றுவது எப்படி?

எல்லா எண்களும் சரியானவைதான். மாற்றும்போதுதான் பிசகு நேர்கிறது. சிரியாவில் வழங்கிய கணக்குக்கு "செலூசிட் ஆண்டா, 311-ஐக் கழித்துவிடு" என்று ஒரே சூத்திரத்தை மனப்பாடம் செய்துகொண்டு போட்டால், அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான தேதிகள் எல்லாம் ஓராண்டு தள்ளிப்போகும். பழைய ஆவணத்தில் உள்ள ஆண்டு எண் ஒரு காலத்துண்டின் பெயர். அது ஒரு குறிப்பிட்ட நாளில் தொடங்கி இன்னொரு நாளில் முடியும். அந்த நாள் ஜனவரி 1 ஆக இருக்கவேண்டிய கட்டாயம் இல்லை. சிரியாவில் அக்டோபர் 1, எகிப்தில் ஆகஸ்ட் 29, ரோமரின் அரேபிய மாகாணத்தில் மார்ச் 22. ஆகவே முதலில் எண்ணை இரண்டு தேதிகளுக்கு இடைப்பட்ட காலமாக விரித்துக்கொள்ள வேண்டும். ஆவணத்தில் இரண்டு மூன்று முறைகளில் ஆண்டு குறித்திருந்தால் ஒவ்வொன்றையும் அப்படியே விரித்து, எல்லாத் துண்டுகளும் ஒன்றன்மேல் ஒன்று விழும் பகுதியைப் பார்க்க வேண்டும். தேதி அங்கேதான் இருக்கிறது.

ஓர் உண்மையான நாளை எடுத்துக்கொள்வோம். கி.பி. 537 டிசம்பர் 27, ஞாயிற்றுக்கிழமை. நிகா கலவரத்தில் எரிந்துபோன பெரிய தேவாலயத்தை மறுபடி எழுப்பி, கான்ஸ்டான்டினோபிளில் ஹாகியா சோபியாவைக் கிழக்கு ரோமப் பேரரசர் ஜஸ்டினியன் திறந்துவைத்த நாள். அன்று பேரரசின் வெவ்வேறு ஊர்களில் ஒரு பத்திர எழுத்தர் தேதி போட்டிருந்தால் என்ன எழுதியிருப்பார்?

தலைநகரில் மூன்று கணக்குகள் ஒரே நேரத்தில் ஓடின. மிகப் பழையது கான்சல் கணக்கு. ஆண்டுதோறும் ஜனவரி 1-ஆம் தேதி பதவியேற்கும் கான்சல்கள் என்ற இரண்டு ரோம உயர் பதவியாளர்களின் பெயரே அந்த ஆண்டின் பெயர். இதில் எண் கிடையாது; எந்தக் கான்சலுக்குப் பின் எவர் என்ற பட்டியல் கையில் இருந்தால்தான் கணக்கே நடக்கும். ஜஸ்டினியன் காலத்தில் இந்தப் பதவி தேய்ந்துகொண்டிருந்தது. 535-க்குத் தளபதி பெலிசாரியஸ் கான்சல். 536-க்கும் 537-க்கும் யாரும் நியமிக்கப்படவில்லை. எனவே 537-க்குப் பெயர், "பெலிசாரியஸ் கான்சல் பதவிக்குப் பின் 2-ஆம் ஆண்டு". இத்தாலியில் கோத்தியர் ஆட்சிக்கு உட்பட்ட பகுதிகளிலோ மேற்கின் கடைசிக் கான்சலான பவுலினஸின் 534-ஐ வைத்து, பவுலினஸுக்குப் பின் இத்தனையாவது ஆண்டு என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். பெலிசாரியஸ் அந்த ஆண்டு முழுக்க ரோம் நகரில்தான் இருந்தார்; மார்ச் முதல் கோத்தியர் முற்றுகைக்குள். அவர் வைத்திருந்த நகரிலும், அதைச் சூழ்ந்து நின்றவர்கள் ஆண்ட நாட்டிலும் ஆண்டின் பெயர் வேறு வேறாக இருந்திருக்கலாம் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

கான்சல் கணக்கில் இரண்டு இடர்கள். ஒன்று, செய்தி போய்ச் சேரும் தாமதம். ஜனவரியில் புதுக் கான்சல் யாரென்று எகிப்துக்குத் தெரிய மாதக் கணக்கில் ஆகும். அதுவரை பழைய பெயரோடு "பின்" சேர்த்து எழுதுவார்கள். ஒரே ஆண்டின் மார்ச் மாத ஆவணமும் அக்டோபர் மாத ஆவணமும் இரண்டு வெவ்வேறு ஆண்டுப் பெயர்களைத் தாங்கி நிற்பது இதனால்தான். மேற்கில் இன்னும் ஒரு படி போய், "இன்னாரும், கிழக்கிலிருந்து அறிவிக்கப்படப் போகிறவரும் கான்சலாக" என்று எழுதிவைத்தார்கள். இரண்டாவது இடர் பெரியது. 541-இல் பசிலியஸ் என்பவரோடு, பேரரசர் அல்லாத கான்சல் வரிசையே முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு ஜஸ்டினியன் இறந்த 565 வரை "பசிலியஸுக்குப் பின்" என்ற ஒரே சரடு. இதில் 542-ஐ முதலாம் ஆண்டு என்று எண்ணியவர்களும் உண்டு. பசிலியஸின் சொந்த ஆண்டையே 1 என வைத்து 542-ஐ 2 என எண்ணியவர்களும் உண்டு. வரலாற்று ஏடு எழுதிய மார்செல்லினஸ் பெயரால் முதல் முறையையும், துனுன்னா நகர விக்டர் பெயரால் இரண்டாவதையும் ஆய்வாளர்கள் குறிப்பிடுகிறார்கள். ஆகவே "பசிலியஸுக்குப் பின் 20" என்று மட்டும் இருந்தால் அது 561 ஆகவும் இருக்கலாம், 560 ஆகவும் இருக்கலாம். எந்த வட்டாரத்து ஆவணம் என்று தெரியாமல் முடிவு கட்டக் கூடாது.

இரண்டாவது, ஆட்சியாண்டு. நம் கல்வெட்டுகளில் "கோப்பரகேசரிக்கு யாண்டு இத்தனையாவது" என்று வருவதே இது. ஜஸ்டினியன் தன் மாமா ஜஸ்டினுடன் இணைப் பேரரசராக முடிசூடியது 527 ஏப்ரல் 1. ஜஸ்டின் இறந்து தனியாட்சி தொடங்கியது அதே ஆண்டு ஆகஸ்ட் 1. ஆட்சியாண்டு எண்ணப்பட்டது ஏப்ரலிலிருந்து. எனவே 537 ஏப்ரல் 1 முதல் 538 மார்ச் 31 வரை 11-ஆம் ஆண்டு; ஹாகியா சோபியா திறந்த நாள் அதற்குள் விழுகிறது. ஆகஸ்டை வைத்துக் கணக்கிட்டால் ஏப்ரல் முதல் ஜூலை வரையுள்ள தேதிகள் எல்லாம் ஓராண்டு பிசகும்.

மூன்றாவது, இண்டிக்ஷன். இது வரிக் கணக்கிலிருந்து வந்த 15 ஆண்டுச் சுழற்சி. 312-இல் தொடங்குவதாக எண்ணப்படுகிறது. கான்ஸ்டான்டினோபிளில் ஆண்டுத் தொடக்கம் ஆரம்பத்தில் செப்டம்பர் 23, ஐந்தாம் நூற்றாண்டில் செப்டம்பர் 1 ஆக மாறியது. 1 முதல் 15 வரை எண்ணிவிட்டுத் திரும்ப 1. எத்தனையாவது சுற்று என்று யாரும் எழுதுவதில்லை. பிரபவ, விபவ என்று நம் அறுபதாண்டு வட்டத்தில் "விரோதி ஆண்டு" என்று மட்டும் போட்டிருந்தால் எந்த விரோதி என்று தவிக்கிறோமே, அதே தவிப்புதான். ஆனால் வட்டம் நான்கில் ஒரு பங்கு என்பதால் தவிப்பு நாலு மடங்கு. "9-ஆம் இண்டிக்ஷன்" என்று மட்டும் உள்ள பாப்பிரஸ் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. கையெழுத்தின் பாணியை வைத்து நூற்றாண்டைத்தான் சொல்ல முடிகிறது.

இண்டிக்ஷன் காண எளிய வழி: கி.பி. எண்ணோடு 3-ஐக் கூட்டி 15-ஆல் வகுத்தால் மீதி வருவது. மீதி இல்லையென்றால் 15. இது ஜனவரி முதல் ஆகஸ்ட் வரைக்கும். செப்டம்பர் 1 முதல் ஒன்றைக் கூட்ட வேண்டும். 537 + 3 = 540, மீதி இல்லை, எனவே 15-ஆம் இண்டிக்ஷன். 537 செப்டம்பர் 1-இல் அது முடிந்து புதிய சுற்றின் 1-ஆம் இண்டிக்ஷன். ஹாகியா சோபியா நாள் 1-ஆம் இண்டிக்ஷனில்.

இங்கே ஒரு சட்டத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஜஸ்டினியனின் புதுச் சட்டத் தொகுப்பில் 47-ஆவது, 537 ஆகஸ்ட் 31 தேதியிட்டது. அதாவது 15 ஆண்டுச் சுற்று முடியும் கடைசி நாள். மறுநாள் 1-ஆம் இண்டிக்ஷன் பிறக்கப் போகிறது என்பதைத் தெரிந்தே வெளியிட்டிருக்கிறார்கள். பத்திரங்களிலும் நீதிமன்றப் பதிவுகளிலும் முதலில் பேரரசரின் ஆட்சியாண்டு, அடுத்து கான்சல் பெயர், பிறகு இண்டிக்ஷன், கடைசியில் மாதமும் நாளும் என்ற வரிசையில் எழுத வேண்டும் என்கிறது அது. ஐனியாஸ், ரோமுலஸ், நூமா, சீசர், அகஸ்டஸ் என்று பழைய பெருமைகளைச் சொல்லிவிட்டு, ஆளுகிறவரின் பெயரே ஆவணத்தில் இல்லாமலிருப்பது முறையல்ல என்று வாதிடுகிறது. ஊர்களுக்கு என்று தனி ஆண்டுக் கணக்கு இருந்தால் அதையும் சேர்த்து எழுதிக்கொள்ளலாம், தடை இல்லை என்றும் சொல்கிறது. அரசியல் நோக்கம் வெளிப்படை. ஆனால் நமக்கு அந்தச் சட்டம் தந்த பயன் அரசியலைத் தாண்டியது. மூன்று கணக்குகள், மூன்று வெவ்வேறு தொடக்க நாட்கள்: ஜனவரி 1, ஏப்ரல் 1, செப்டம்பர் 1. மூன்றையும் சேர்த்து எழுதினால் ஆண்டு தானாகவே துண்டுபடுகிறது.

செய்து பார்க்கலாம். "ஆட்சியாண்டு 11, பெலிசாரியஸுக்குப் பின் 2, இண்டிக்ஷன் 1" என்று இருந்தால் அது 537 செப்டம்பர் 1 முதல் டிசம்பர் 31 வரையுள்ள நாலு மாதத்துக்குள் மட்டுமே இருக்க முடியும். மாதமே அழிந்துபோன ஓலையாக இருந்தாலும் இவ்வளவு நெருங்கிவிடலாம். 538 ஜனவரி 1-இல் கப்படோசியாவைச் சேர்ந்த ஜான் கான்சல் ஆகிறார். "ஆட்சியாண்டு 11, ஜான் கான்சல், இண்டிக்ஷன் 1" என்றால் ஜனவரி முதல் மார்ச் வரை. ஏப்ரல் 1-இல் ஆட்சியாண்டு 12 ஆகிறது, மற்ற இரண்டும் மாறுவதில்லை. செப்டம்பர் 1-இல் இண்டிக்ஷன் 2. வெண்கலக் காசுகளில் "ஆண்டு 12" என்று ஆட்சியாண்டு பொறிக்கப்படத் தொடங்கியதும் இந்தச் சட்டத்தை ஒட்டியே. அதற்கு முந்தைய காசுகளில் ஆண்டு எண் இல்லை.

இனி, தலைநகரை விட்டுக் கிழக்கே போவோம். அங்கே நின்று நிலைத்த சகாப்தங்கள் பல. மாற்றுவதற்கு இரண்டே விதிகள் போதும். ஒரு சகாப்தத்தின் முதலாம் ஆண்டு கி.மு.-வில் தொடங்கினால், புத்தாண்டு நாளுக்குப் பிந்தைய தேதிகளுக்கு கி.பி. எண்ணோடு அந்த கி.மு. எண்ணை அப்படியே கூட்டு. முந்தைய தேதிகளுக்கு ஒன்று குறைத்துக் கூட்டு. முதலாம் ஆண்டு கி.பி.-யில் தொடங்கினால், புத்தாண்டுக்குப் பின் கழித்து ஒன்றைக் கூட்டு; முன் என்றால் வெறுமனே கழி. கி.மு. 1-ஐ அடுத்து உடனே கி.பி. 1 வருகிறது, நடுவில் பூஜ்ய ஆண்டு இல்லை என்பதால்தான் விதி இப்படி அமைகிறது.

சிரியாவின் செலூசிட் சகாப்தம் கி.மு. 312 அக்டோபர் 1. சிரியாக் மொழி ஏடுகள் இதை "கிரேக்கர்களின் ஆண்டு" என்கின்றன. 537 டிசம்பருக்கு 537 + 312 = 849. அதே 537-இன் ஜூன் மாதத்துக்கு 848. எடெசா நகர ஏட்டில் பெரிய வெள்ளம் ஒன்று 513-ஆம் ஆண்டு, இரண்டாம் திஷ்ரி மாதம் என்று பதிவாகியிருக்கிறது. அந்த மாதம் நவம்பர், புத்தாண்டுக்குப் பிந்தையது. எனவே 513 − 312, கி.பி. 201. மாதத்தைப் பார்க்காமல் 311-ஐக் கழிப்பவருக்கு 202 என்று வரும். இதே சகாப்தத்தைப் பாபிலோனில் கி.மு. 311 வசந்தத்திலிருந்து எண்ணினார்கள். அந்தக் கணக்கில் 537 டிசம்பர் 848 ஆகவே இருக்கும். ஆக, பெயர் ஒன்றாக இருப்பதாலேயே எண் ஒன்றாகிவிடாது.

அந்தியோக்கியாவுக்குத் தனிக் கணக்கு: கி.மு. 49 இலையுதிர் காலத்திலிருந்து, ஜூலியஸ் சீசரின் காலத்தை வைத்து. 537 + 49 = 586. திருச்சபை வரலாறு எழுதிய எவாக்ரியஸ் இந்தக் கணக்கைத்தான் பயன்படுத்துகிறார். 528 நிலநடுக்கத்துக்குப் பிறகு நகருக்குத் தியோபோலிஸ் என்று பெயர் மாற்றிவிட்டதால், அவர் ஏட்டில் தியோபோலிஸ் ஆண்டு என்றும் வரும், இரண்டும் ஒன்றே. இங்கேயும் பின்னாளில் புத்தாண்டு அக்டோபர் 1-இலிருந்து செப்டம்பர் 1-க்கு நகர்ந்தது. செப்டம்பர் மாதத் தேதி ஒன்று கிடைத்தால் இந்த நகர்வு எப்போது நடந்தது என்ற கேள்வியும் கூடவே வந்துவிடும்.

காசாவின் சகாப்தம் கி.மு. 61 அக்டோபர் 28. 537 டிசம்பர் 27-க்கு 598. காசாவில் 1960-களில் கண்டெடுத்த யூதத் தொழுகைக்கூடத்தின் மொசைக் தரையில் 569-ஆம் ஆண்டு, லோஸ் மாதம் என்று கிரேக்கத்தில் இருக்கிறது. காசாவில் லோஸ் என்பது ஜூலை 25-இல் தொடங்குகிறது. அக்டோபருக்கு முந்தைய மாதம் என்பதால் 60-ஐக் கழிக்க வேண்டும்: கி.பி. 509. இப்படி ஒரு மாதப் பெயர் கூட இருந்தால் 508/9 என்ற நிச்சயமின்மை 509 என்று சுருங்கிவிடுகிறது.

பெட்ரா, மாதபா, போஸ்ட்ரா உள்ளிட்ட பகுதியில் அரேபிய மாகாணச் சகாப்தம். நபட்டேய அரசை ரோமர்கள் இணைத்துக்கொண்ட 106-ஆம் ஆண்டு மார்ச் 22-இலிருந்து. 537 − 106 + 1 = 432. பெட்ராவில் ஒரு தேவாலயத்தின் இடிபாட்டில் 1993-இல் கருகிய நிலையில் கிடைத்த பாப்பிரஸ் கட்டு 537-இல் தொடங்கி அந்த நூற்றாண்டின் 590-கள் வரை போகிறது. 47-ஆவது சட்டம் கேட்ட மூன்றோடு மாகாண ஆண்டையும் சேர்த்து அவர்கள் எழுதியதை அங்கே கண்ணால் காணலாம்.

மாதப் பெயர்களைப் பற்றி இங்கே ஓர் எச்சரிக்கை. என் கணிப்பில் ஆண்டு எண்ணைவிட அதிகம் ஏமாற்றுவது இதுதான். கிழக்கு முழுவதும் அதே மாசிடோனியப் பெயர்கள்தாம் வழங்கின. ஆனால் ஊருக்கு ஊர் அவை வேறு நாளில் தொடங்கின. நம் டிசம்பர் 27, காசாவில் அவ்டினையோஸ் 1. அங்கிருந்து சில நாள் பயணத்தில் உள்ள பெட்ராவில் அது அவ்டினையோஸ் 11. அந்தியோக்கியாவில் அவ்டினையோஸ் என்றால் ஜனவரி, எனவே அன்று அங்கே இன்னும் முந்தைய மாதமான அபெல்லையோஸ் 27. கல்வெட்டு எங்கே கிடைத்தது என்று பார்க்காமல் ஒரு பொதுப் பட்டியலை வைத்து மாதத்தை மாற்றினால், அந்தப் பிழை ஆண்டுத் தொடக்கத்தைத் தாண்டி ஆண்டையே மாற்றிவிடும்.

எகிப்தில் டயோக்ளீஷியன் ஆண்டு. அவர் ஆட்சிக்கு வந்த 284-இன் எகிப்தியப் புத்தாண்டான ஆகஸ்ட் 29-இலிருந்து. 537 − 284 + 1 = 254. நாள், டிபி மாதம் 1. லீப் நாள் சேரும் ஆண்டில் எகிப்தியப் புத்தாண்டு ஆகஸ்ட் 30-க்குப் போய், அடுத்த பிப்ரவரி முடியும்வரை எல்லா மாதத் தொடக்கமும் ஒருநாள் தள்ளியே இருக்கும். அந்த நாள் சேர்வது ரோமரின் லீப் ஆண்டுக்கு முந்தைய ஆகஸ்டில் என்பதை மறந்துவிடக் கூடாது. வானியலாளர்களும் ஈஸ்டர் கணித்த அலெக்சாந்திரியத் திருச்சபையும் இந்தச் சகாப்தத்தைப் பிடித்துக்கொண்டார்கள். கிறிஸ்தவர்களைத் துன்புறுத்தியவரின் பெயர் என்பதால் பின்னாளில் இதற்கே "மறைசாட்சிகளின் ஆண்டு" என்று பெயர் வந்தது. கோப்டிக் திருச்சபை இன்றும் இதில்தான் எண்ணுகிறது.

எகிப்துக்குள்ளேயே ஆக்ஸிரிங்கஸ் என்ற ஊர் தனிவழி போனது. அங்கே ஆண்டு இரட்டை எண்: 214/183. கான்ஸ்டான்டியஸும் ஜூலியனும் சீசர் (துணைப் பேரரசர்) ஆன ஆண்டுகளான 324-ஐயும் 355-ஐயும் தொடக்கமாக வைத்த இரண்டு ஆட்சியாண்டுகள், இருவரும் இறந்த பின்பும் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தன. இரு எண்களுக்கும் வித்தியாசம் எப்போதும் 31. பாப்பிரஸில் ஓர் எண் கிழிந்து போயிருந்தால் மற்றதை வைத்து மீட்டுவிடலாம். வித்தியாசம் 31 இல்லையென்றால் படித்ததில் பிழை என்று அப்போதே தெரிந்துவிடும். எழுத்தர்களுக்கு இது வெறும் பழக்கமாக இருந்திருக்கலாம், ஆனால் சோதனைக்கு இதைவிட நல்ல ஏற்பாடு அந்தக் காலத்தில் வேறெதுவும் இல்லை. இண்டிக்ஷன் தொடக்கமும் எகிப்தில் வேறு: சில மாவட்டங்களில் மே மாதம், சில இடங்களில் கோடையில். எனவே மே முதல் ஆகஸ்ட் வரை எகிப்திய ஆவணத்தின் இண்டிக்ஷன் எண் கான்ஸ்டான்டினோபிளைவிட ஒன்று கூடியிருக்கலாம். அது எழுத்தரின் தவறு அல்ல.

உலகம் படைக்கப்பட்டதிலிருந்து எண்ணுவது இன்னொரு வகை. ஐந்தாம் நூற்றாண்டு அலெக்சாந்திரியத் துறவி அன்னியானஸ் படைப்பை கி.மு. 5492 மார்ச் 25-இல் வைத்தார். அங்கிருந்து எண்ணினால் 537 டிசம்பர் 6029. அந்த மார்ச்சுக்கு முந்தைய ஆகஸ்ட் 29-ஐ முதலாம் ஆண்டின் தொடக்கமாகக் கொண்டால் 6030. ஒன்பதாம் நூற்றாண்டில் எழுதிய தியோஃபனஸின் ஏட்டில் ஹாகியா சோபியா திறப்பு 6030-இன் கீழ் வருகிறது. பின்னாளில் கான்ஸ்டான்டினோபிளில் நிலைபெற்றது வேறொரு கணக்கு, கி.மு. 5509 செப்டம்பர் 1, அதன்படி 6046. "உலக ஆண்டு" என்று மட்டும் சொல்லி எண்ணைக் கொடுக்கும் ஏட்டில், எந்த உலக ஆண்டு என்பதைத் தெரிந்த ஒரு நிகழ்ச்சியை வைத்துச் சோதித்த பிறகே மற்றவற்றைத் தொட வேண்டும். 16 ஆண்டு வித்தியாசம் கண்ணில் படும். 15 ஆண்டு இண்டிக்ஷனோடு சேரும்போதோ ஒரே ஒரு எண் வித்தியாசமாகத் தெரிந்து, சாதாரணப் பிழை போல் நழுவிவிடும். அன்னியானஸின் கணக்கில் கிறிஸ்து மனித உருவெடுத்தது நம் கி.பி. 9-இல். எத்தியோப்பியாவில் இன்றும் ஆண்டு எண் நமக்கு 7 அல்லது 8 பின்னால் இருப்பதற்கு வேர் இங்கே இருக்கிறது.

கி.பி. என்ற எண் அன்று எங்கே இருந்தது? ரோமில் வாழ்ந்த துறவி டயோனிசியஸ் எக்ஸிகுவஸின் ஈஸ்டர் அட்டவணையில், ஏறக்குறைய அங்கே மட்டும். அலெக்சாந்திரியப் பேராயர் சிரில் பெயரில் வழங்கிய பழைய அட்டவணை டயோக்ளீஷியன் 247-உடன் முடிந்தது. அதை 525-இல் நீட்டித்த டயோனிசியஸ், கொடுங்கோலன் ஒருவனின் நினைவைத் தம் வட்டங்களில் சேர்க்க விரும்பவில்லை என்று சொல்லி, 248-க்குப் பதிலாக கிறிஸ்துவின் மனித அவதாரத்திலிருந்து 532 என்று போட்டார். தேதி எழுதுவதற்கு அவரே அதைப் பயன்படுத்தவில்லை. நடப்பு ஆண்டின் எண்ணைக் காண அட்டவணையோடு வந்த வழிமுறையைப் பாருங்கள்: 15-ஐ 34-ஆல் பெருக்கு, 510, எப்போதும் 12-ஐக் கூட்டு, 522, இந்த ஆண்டு, புரோபஸ் கான்சலாக இருக்கும் ஆண்டின், இண்டிக்ஷன் 3-ஐக் கூட்டு, 525. முடிந்துபோன 34 இண்டிக்ஷன் வட்டங்களுக்கு மேல் நடப்பு எண்ணைச் சேர்க்கிறார். நாம் இன்று எண்ணும் ஆண்டு, கான்சல் பெயரையும் வரிச் சுழற்சியையும் ஏணியாக வைத்து எட்டிப் பிடித்த ஒன்று. அதே அட்டவணையில் 537-க்கான வரிசையில் இண்டிக்ஷன் 15, எபாக்ட் (நிலவின் வயது) 25, பௌர்ணமி ஏப்ரல் 10, ஈஸ்டர் ஞாயிறு ஏப்ரல் 12. இந்த எண்ணை வரலாறு எழுதும் அளவுக்கு எடுத்துச் சென்றது இரண்டு நூற்றாண்டு கழித்து, 731-இல் தன் ஆங்கிலேயத் திருச்சபை வரலாற்றை முடித்த பீட்.

ஸ்பெயினில் மட்டும் கணக்கு எளிது. கி.மு. 38 ஜனவரி 1. 537 என்றால் 575, ஆண்டு முழுக்க அதேதான். ஆனால் அங்கே வேறு ஆபத்து. விசிகோத்திய எழுத்தில் வால் வைத்த பத்து என்ற குறி 40-ஐக் குறிக்கும். படியெடுத்தவர்கள் வாலைக் கவனிக்காமல் வெறும் 10 என்று எழுதிவிட்டால் சுளையாக 30 ஆண்டு குறைந்துவிடும். ஸ்பானியத் தேதி ஒன்று மற்றச் சான்றுகளோடு 30 ஆண்டு முரண்பட்டால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

பேரரசுக்கு வெளியே பாரசீகத்தில் முதலாம் குஸ்ரோவின் 7-ஆம் ஆண்டு. அவர் அரியணை ஏறியது 531 செப்டம்பர் 13. ஆனால் அவருடைய அரச மரபான சாசானியர்கள் முதலாம் ஆண்டை அதற்கு முந்தைய புத்தாண்டிலிருந்தே, அதாவது 531 ஜூலையிலிருந்தே எண்ணினார்கள். அவர்களின் ஆண்டு லீப் நாள் இல்லாத 365 நாள், எனவே நாலு ஆண்டுக்கு ஒருநாள் பின்னோக்கி நகரும். ஏமனில் ஹிம்யரிய சகாப்தம், கி.மு. 110, 537-க்கு 647. மாரிப் அணையை அங்கே ஆண்ட ஆப்ரஹா பழுதுபார்த்த கல்வெட்டு 657, 658 என்று சொல்வது 540-களின் பிற்பகுதி.

இந்தியாவில் சக ஆண்டு 459. இங்கே ரோமில் இல்லாத ஒரு சிக்கல் சேர்கிறது: நம் கல்வெட்டுகளில் பெரும்பாலும் கழிந்த ஆண்டைத்தான் எழுதுவார்கள். 459 ஆண்டுகள் முடிந்து 460 நடக்கிறது என்று பொருள். கழிந்த ஆண்டு என்றால் 78-ஐக் கூட்டு, நடப்பு ஆண்டு என்றால் 77. ஜனவரி முதல் மார்ச் வரையுள்ள தேதிகளுக்கு இன்னும் ஒன்று கூடும். ரவிகீர்த்தி பாடிய அய்ஹொளெ கல்வெட்டு சக 556 என்றும், பாரதப் போரிலிருந்து 3735 என்றும் இரண்டு எண்களைத் தருகிறது. 556 + 78 = 634. கலி கணக்கில் 3735 − 3101 = 634. இரண்டும் பொருந்துவதால் இரண்டையுமே கழிந்த ஆண்டுகளாகக் கொள்ளலாம் என்று உறுதியாகிறது. ஒன்று நடப்பு, ஒன்று கழிந்தது என்றிருந்தால் 1 வித்தியாசம் வந்திருக்கும்.

ஓர் ஆவணத்திலேயே எண்கள் முரண்பட்டால் எதை நம்புவது? பாப்பிரஸ்களில் பொதுவாக இண்டிக்ஷனை. வரி, வட்டி, குத்தகை எல்லாம் அந்த எண்ணில்தான் நடந்தன. எழுத்தருக்கு அது விரல்நுனியில் இருக்கும். ஆட்சியாண்டு, கான்சலுக்குப் பிந்தைய ஆண்டு ஆகியவற்றைத்தான் அதிகம் பிசகினார்கள். அதிலும் ஏப்ரல் 1-ஐ ஒட்டிய வாரங்களில் பழைய எண்ணையே எழுதிவிடுவது சகஜம். கல்வெட்டில் சகாப்த எண்ணும் இண்டிக்ஷனும் ஒரே ஒரு ஆண்டு விலகினால் கல்தச்சன் மீது பழி போடுவதற்கு முன், அந்த ஊரின் புத்தாண்டு நாளை ஒருமுறை சரிபார்க்க வேண்டும். ரோமானிய முறையில் நாள் எழுதியிருந்தால் மாதப் பெயரையும் கவனிக்க வேண்டும். கலெண்ட்ஸ் என்பது மாதத்தின் முதல் நாள். டிசம்பர் 27-ஐ அவர்கள் "ஜனவரி கலெண்ட்ஸுக்கு முன் 6-ஆம் நாள்" என்று எழுதுவார்கள், இரு முனை நாட்களையும் சேர்த்து எண்ணி. வரியில் ஜனவரி என்று இருக்கும். நாளும் கான்சலும் பழைய ஆண்டைச் சேர்ந்தவை. அந்த 47-ஆவது சட்டத்தின் தேதியிலேயே செப்டம்பர் என்ற பெயர் இருக்கிறது, "கலெண்ட்ஸுக்கு முந்தைய நாள்" என்று.

எழுதும்போது ஒரு மரபைக் கடைப்பிடித்தால் படிப்பவருக்குக் குழப்பம் இருக்காது. கி.பி. 537/8 என்று சாய்கோடு போட்டால், 537-இல் தொடங்கி 538-இல் முடியும் ஒரே ஓர் ஆண்டு. 537–538 என்று சிறுகோடு போட்டால், இரண்டு ஆண்டுக் காலம். மாதம் தெரியாத சகாப்த எண்ணை எப்போதும் சாய்கோட்டோடுதான் தர வேண்டும்: டயோக்ளீஷியன் 254 என்றால் 537/8; அரேபிய 432-ம் 537/8 தான், ஆனால் முன்னது ஆகஸ்டில் தொடங்குகிறது, பின்னது மார்ச்சில்.